கால் நனைந்தது, கால் காய்ந்தது

சென்ற வாரம், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்த கதையைப் பார்த்தோம். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் அது வீழ்ந்ததற்கு முக்கியக் காரணம் ஒரு தந்திச் செய்தி. எம்டன் வீரர்கள் கரையிறங்கித் தந்தி நிலையத்தைக் கைப்பற்றுவதற்குள், அங்கிருந்த ஊழியர்கள் சில சொற்களை வானலையில் ஏற்றிவிட்டார்கள். அதைக் கேட்டு விரைந்து வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, எம்டனின் கதையை முடித்தது. சில சொற்கள் ஒரு கப்பலை வீழ்த்திய அந்தக் கதையின் தொடர்ச்சியை இந்த வாரம் வாலிநோக்கத்திலிருந்து சொல்லப்போகிறேன்.

கடலாடி வட்டத்தில், மன்னார் வளைகுடாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் வாலிநோக்கம். ஒரு பக்கம் அரசு உப்பு நிறுவனத்தின் பாத்திகள், மறுபக்கம் பழைய கப்பல்களை ஒரு காலத்தில் உடைத்த கடற்கரை. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோடிகள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வாலிநோக்கம் ஆண் கடலின் ஊர். காற்றுக்கும் இங்கே பெயர் உண்டு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். “கச்சான் ஏறுது” என்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும். காற்று எந்தத் திசை, அலை எப்படி எழும், வலையை இழுப்பதா விடுவதா என்பதெல்லாம் அடுத்த படகில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். கரையில் மீன் ஏலத்திலும் அப்படித்தான். “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்றால் பேரம் முடிந்தது, மறுபேச்சு இல்லை.

போர் விமானிகளின் வானொலிச் சொற்களும் இதே வகைதான். முன்கூட்டியே எல்லாரும் ஒப்புக்கொண்ட, ஒரே பொருள் தருகிற, வாயில் சட்டென்று வருகிற சொற்கள். அவற்றில் ஒன்று இந்தக் கடற்கரைக்கென்றே செய்தது போல இருக்கும். தரைக்கு மேல் பறந்து வரும் போர் விமானி கரையைத் தாண்டிக் கடலுக்கு மேல் போனதும் ‘ஃபீட் வெட்’ என்பார். கால் நனைந்தது என்று பொருள். கடலைக் கடந்து மறுகரைக்கு மேல் வந்ததும் ‘ஃபீட் டிரை’. கால் காய்ந்தது. தரையில் ரேடார் முன் அமர்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளருக்கு இந்த இரண்டு சொற்களே போதும். விமானம் விழுந்தால் தேடப் படகை அனுப்ப வேண்டுமா, ஜீப்பை அனுப்ப வேண்டுமா என்பதுவரை அதில் அடங்கிவிடும்.

இத்தனை சுருக்கம் எதற்கு? மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் கடக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள சுமார் 30 கிலோமீட்டர் அதற்கு இரண்டு நிமிடம். பத்து நொடி நீளும் ஒரு வாக்கியத்தை விமானி பேசி முடிப்பதற்குள் இரண்டரை கிலோமீட்டர் ஓடியிருக்கும். இன்னொன்று, அணியில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர்கள் வாய்மூடி இருந்தாக வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொன்னதும் இரைச்சலாகிவிடும். நீட்டிப் பேசுகிறவர் தன் தோழன் எச்சரிக்கும் நேரத்தையும் சேர்த்தே தின்றுவிடுகிறார்.

இந்தச் சொற்களில் மூத்தது போரில் பிறக்கவில்லை. 1920-களின் தொடக்கத்தில் லண்டன் அருகே குரோய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரெடெரிக் மாக்ஃபோர்டிடம், ஆபத்தில் கூப்பிட எல்லாருக்கும் புரியும் ஒரு சொல்லைத் தேடச் சொன்னார்கள். அங்கிருந்து பெரும்பாலும் பாரிஸுக்குத்தான் விமானங்கள் போய்வந்தன. எனவே ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை எடுத்து ‘மேடே’ என்று வைத்தார். அதை மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது விதி. வேறு பேச்சோடு கலந்துவிடாமல் காதில் தனியாக விழ வேண்டும் என்பதற்காக.

1940-ல் ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனைத் தாக்கியபோது இந்தச் சொற்கள் ஒரு மொழியாகவே வளர்ந்தன. ‘வெக்டர் ஒன் எய்ட் ஜீரோ, ஏஞ்சல்ஸ் டுவென்டி, பஸ்டர்’ என்று கட்டுப்பாட்டாளர் சொன்னால், நேர் தெற்கே திரும்பு, இருபதாயிரம் அடி உயரத்தில் பற, முழு வேகத்தில் போ என்று பொருள். ஏஞ்சல்ஸ் என்றால் ஆயிரம் அடிக் கணக்கு. எதிரி விமானம் என்று உறுதியானால் ‘பேண்டிட்’. யாருடையது என்று தெரியாவிட்டால் ‘போகி’. கண்ணில் பட்டுவிட்டால் ‘டேலி ஹோ’, நரி வேட்டைக்காரர்களின் பழைய கூவல் அது. நம்முடைய விமானம்தான் என்று ரேடாருக்குத் தானாகவே பதில் அனுப்பும் கருவிக்குக் கிளி என்று பெயரிட்டார்கள். அதனால்தான் இன்றும் பயணிகள் விமானத்தின் விமானியிடம்கூட அடையாள எண்ணை அனுப்பச் சொல்லும்போது, கிளி கத்துவதைக் குறிக்கும் ‘ஸ்குவாக்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். எரிபொருள் திரும்பிப்போக மட்டுமே இருந்தால் ‘பிங்கோ’, குண்டு தீர்ந்தால் ‘வின்செஸ்டர்’ என்று பின்னாளில் பட்டியல் நீண்டது. நேட்டோ நாடுகள் ஏபிபி-7 என்ற கையேடாகவே இவற்றைத் தொகுத்து வைத்திருக்கின்றன.

இந்தச் சொற்களின் போர் நம் கடலுக்கும் வந்தது. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பருக்கு மேல் பறந்த ஜப்பானியப் படைத்தலைவர் மிட்சுவோ ஃபுச்சிடாவின் விமானத்திலிருந்து ‘டோரா, டோரா, டோரா’ என்று மோர்ஸ் தந்தி போனது. எதிரி விழித்துக்கொள்ளவில்லை, வந்த காரியம் கைகூடியது என்பது அதன் பொருள். நான்கே மாதத்தில் அதே ஃபுச்சிடா கொழும்புக்கு மேல் வந்தார்.

அதற்கு முந்தைய நாள், 1942 ஏப்ரல் 4. காலி அருகே கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய கேட்டலினா கடல் விமானம் ஒன்று இலங்கைக்குத் தென்கிழக்கே ரோந்து சுற்றியது. ஓட்டியவர் கனடாவின் லெனார்ட் பிர்ச்சல். திரும்பும் நேரத்தில் அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. நெருங்கிப் பார்த்தபோது அது ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பற்படை. கப்பல்கள் எத்தனை, எந்தத் திசை, என்ன வேகம் என்று செய்தி எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். மூன்று முறை அனுப்ப வேண்டும். மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியப் போர் விமானங்களின் குண்டு வானொலிக் கருவியைச் சிதறடித்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். பிர்ச்சல் உள்ளிட்ட ஆறு பேர் போர் முடியும்வரை கைதிகளாக இருந்தார்கள்.

ஆனால் செய்தி கொழும்பைச் சேர்ந்துவிட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவும் இரவோடிரவாகக் கடலுக்குள் கலைந்து சென்றன. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஃபுச்சிடா வந்தபோது அவர் தேடி வந்த பெரும் இரை அங்கே இல்லை. இதே கதையில் இன்னொரு பாடமும் உண்டு. ரத்மலானையில் நின்ற ஹரிக்கேன் விமானங்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை போகவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே அவை ஓடுபாதையில் ஓடின. கிளம்பு என்பதற்கு ‘ஸ்கிராம்பிள்’ என்ற அருமையான சொல் அவர்களிடம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவருக்குத்தான் சேதி தெரியவில்லை.

45 ஆண்டுகள் கழித்து வானில் ஒரு தமிழ்ச் சொல் ஏறியது. 1987 ஜூன் 3 அன்று இராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உணவும் மருந்தும் ஏற்றிப்போன செஞ்சிலுவைப் படகுகளை இலங்கைக் கடற்படை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 சரக்கு விமானங்கள் கிளம்பின. காவலுக்கு மிராஜ்-2000 போர் விமானங்கள். இலங்கைத் தூதரை அழைத்து, இந்த விமானங்களைத் தடுத்தால் பதிலடி இருக்கும் என்று இந்தியா முன்கூட்டியே சொல்லிவிட்டது. அன்று மாலை யாழ்ப்பாணத்தில் சுமார் 25 டன் பொருட்கள் பாராசூட்டில் இறங்கின. விமானங்கள் பத்திரமாகத் திரும்பின. அந்த நடவடிக்கையின் பெயர் பூமாலை. வரலாற்றுப் புத்தகங்களில் இன்றும் அந்தத் தமிழ்ப் பெயர்தான் நிற்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப் படையினர் இரவில் ஹெலிகாப்டரில் இறங்கினார்கள். அவர்களுடைய வானொலிப் பேச்சை விடுதலைப் புலிகள் முன்பே ஒட்டுக்கேட்டிருந்தார்கள் என்பதைப் படை அதிகாரிகள் பின்னர் எழுதியிருக்கிறார்கள். சீக்கியக் காலாட்படையின் முப்பது பேரில் ஒருவர் மட்டுமே, அதுவும் கைதியாக, உயிர் பிழைத்தார். சுருக்கச் சொல் வேறு, மறைச்சொல் வேறு. சுருக்கச் சொல் வேகத்தைத் தரும், புரிதலைத் தரும். ரகசியத்தை அது காக்காது. அதற்குத் தனியாகப் பூட்டு வேண்டும்.

கடைசியாக, நம் காலத்தில் நடந்தது. 2019 பிப்ரவரி 27. காஷ்மீர் எல்லையில் மிக்-21 விமானத்தில் சென்ற தமிழகத்தைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானைத் தரையிலிருந்து வழிநடத்தியவர் ஸ்குவாட்ரன் லீடர் மிண்டி அகர்வால். எதிரியை நோக்கிப் போவதை ‘ஹாட்’ என்றும், விலகித் திரும்புவதை ‘கோல்ட்’ என்றும் சொல்வது விமானிகள் வழக்கம். கோல்ட், திரும்பு என்று தரையிலிருந்து அழைத்தும், எதிர்த்தரப்பு அலைவரிசையை முடக்கியதால் அது அபிநந்தன் காதில் விழவில்லை என்று செய்திகள் வந்தன. விமானம் வீழ்ந்தது, அவர் பாகிஸ்தானிடம் சிக்கினார். மார்ச் 1 இரவு அட்டாரி வழியாகத் தாயகம் திரும்பினார். இந்தச் சண்டைக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா, மிண்டி அகர்வாலுக்கு யுத் சேவா பதக்கம்.

கோகோஸ் தீவுகள், கொக்கல, ரத்மலானை, யாழ்ப்பாணம், காஷ்மீர் என்று எந்த இடத்தை எடுத்தாலும் இந்த வரலாறு ஒன்றைத்தான் சொல்கிறது. ஒரு சொல்லுக்கு உயிர்காக்கும் வலிமை வருவதற்கு மூன்று வேண்டும்: பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே பொருளில் அறிந்திருக்க வேண்டும், உரிய நேரத்தில் சொல்லப்பட வேண்டும், காதில் விழ வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் ஒலி.

இன்று இதே இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. பெயர் பருந்து. அங்கே பறப்பவர்களுக்கு இந்தச் சொற்களைப் பயிற்சியிலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அதே கடலில் வலை போடும் நம் மீனவர்களில் எத்தனை பேருக்கு இவற்றைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? கச்சானையும் வாடையையும் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள் அவர்கள். ஆபத்தில் அழைக்கும் சொல்லும் அதேபோல் நாவில் பழகியிருக்க வேண்டும்.

எனவே இதைப் படிக்கும் கடற்கரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலுக்குப் போகும் உங்கள் பிள்ளைகளிடம் இன்றிரவே சொல்லுங்கள். படகில் கடல்சார் வி.எச்.எஃப். கருவி இருந்தால் ஆபத்துக்கான அலைவரிசை 16. பொத்தானை அழுத்தி ‘மேடே, மேடே, மேடே’ என்று ஏலத்தில் சொல்வது போல மூன்று தரம் சொல்ல வேண்டும். பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். அவ்வளவுதான். படகு திரும்பவில்லை என்றால் கரையிலிருப்பவர்கள் அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. அதை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.