215 செய்முறைகளும் ஒரு தவறணையும்

2016 பெப்ரவரியில் ஸ்கொட்லாந்தின் ப்ரூடோக் என்ற பியர் நிறுவனம், அதுவரைக்கும் தான் தயாரித்த 215 பியர்களின் செய்முறைகளையும் ஒரே புத்தகமாக்கி, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே விட்டது. புத்தகத்தின் பெயர் 'டிஐஒய் டோக்'. முளைகட்டிக் காயவைத்த பார்லி, அதாவது மோல்ட், எத்தனை கிலோ? கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூ எத்தனை கிராம், அதை எந்த நேரத்தில் போடுவது? எந்த ஈஸ்ட், எத்தனை பாகையில் புளிக்க விடுவது? எல்லாமே 20 லீட்டர் அளவுக்குக் கணக்குப் போட்டு இருக்கும். ஆலைக்கான அளவு இல்லை அது, வீட்டு அடுப்புக்கான அளவு.

கம்பனி ரகசியத்தை இப்படித் தூக்கிக் கொடுப்பார்களா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த மாதிரிச் சின்ன ஆலைகளைத் தொடங்கியவர்கள் பலரும் வீட்டில் காய்ச்சிப் பழகிய ஆட்கள்தான். 1980 இல் கலிபோர்னியாவில் சியரா நெவாடாவைத் தொடங்கிய கென் க்ரோஸ்மனும் அப்படித்தான். 2018 நவம்பரில் அந்த ஊர்ப்பக்கம் பெரிய காட்டுத்தீ வந்தபோது, சியரா நெவாடா ஒரு பியரின் செய்முறையை மற்ற ஆலைகளுக்கெல்லாம் கொடுத்து, விற்ற காசை நிவாரணத்துக்குத் தரச் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சேர்ந்துகொண்டன. சமையல் குறிப்பு மாதிரி, செய்முறை அங்கே கை மாறிக்கொண்டே இருக்கிறது.

இதையெல்லாம் மலையகத்தில் இருந்து வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஏனென்றால் இலங்கையின் பியர் வரலாறு தொடங்கிய இடமே எங்கள் மலைதான்.

நுவரெலியா பியரை சாமுவேல் பேக்கர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். 1848 இல் இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடு, வேட்டை நாய்கள் எல்லாவற்றோடும் வந்து நுவரெலியாவில் ஒரு குட்டி இங்கிலாந்தை நட்டுவைக்கப் பார்த்த மனிதர் அவர். இன்றைய லயன் நிறுவனம் தன் பாரம்பரியத்தை 1881 இலிருந்து எண்ணுகிறது. அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1869 இல் வந்த இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருக்கிறது, தேயிலை மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. துரைமார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தாகமும் இருக்கிறது. மோல்ட்டும் ஹொப்ஸும் இங்கே விளையாது, கப்பலில்தான் வர வேண்டும். மலை கொடுத்தது குளிரும் தண்ணீரும். குளிரூட்டி இல்லாத காலத்தில் பியர் ஒழுங்காகப் புளிக்க 1,868 மீற்றர் உயரத்துக் குளிர் பெரிய சொத்து.

அந்த ஆலையின் ஸ்டவுட் பிறகு உலகப் பெயர் வாங்கியது. மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, அதே பெயரில் ஒரு ஆங்கிலேய பியர் எழுத்தாளர்) அதைப் புகழ்ந்து எழுதினார். 1990களில் உற்பத்தி கீழே பியகமவுக்குப் போய்விட்டது. அங்கே பக்கத்தில் ஓடுகிற களனி கங்கையும் எங்கள் மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா தண்ணீர்தான் என்பது வேறு கதை. 2016 மே மாதம் அதே களனி பெருகி அந்த ஆலைக்குள் புகுந்தது. உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. ஸ்கொட்லாந்தில் 215 செய்முறைகளை ஊருக்குக் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இங்கே ஒரு ஆலையில் தண்ணீர் ஏறியதும் நாட்டில் பியருக்கே தட்டுப்பாடு.

சரி, தோட்டத்து ஆட்கள் இதில் எங்கே? அவர்களுக்கு பியர் வரவில்லை. அவர்களுக்கு வந்தது தவறணை. காலனி அரசு சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தது. குமாரி ஜயவர்தன 2000 இல் வெளிவந்த தன் நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார்: கரையோரத்துப் பல பெரிய குடும்பங்களின் முதல் மூலதனம் இந்தச் சாராயக் குத்தகையில் சேர்ந்தது. மலைநாட்டில் தோட்டங்கள் பெருகியபோது அந்தக் குத்தகைகளின் பெறுமதியும் பெருகியது. நெடுந்தூரம் நடந்து வந்து, கடனில் மூழ்கி, குளிரில் வேலை செய்த கூலிகளின் காசும் அந்தப் பெட்டிக்குள் போனது. எந்தத் தோட்டத்து ஆளும் அந்தச் செய்முறைக்குச் சொந்தக்காரர் இல்லை. குடிக்கிற ஆள் மட்டும்தான்.

பிறகு 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிக்கக் கூடாது. தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரமோ மூலப்பொருளோ வைத்திருக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் மதுவிலக்கு இயக்கம் அரசின் புதிய கள்ளுத் தவறணைகளை எதிர்த்துப் பெரிதாக எழுந்தது. ஆக, விற்பதற்கு வழி திறந்த அதே அரசு, செய்வதற்கு வழியை அடைத்தது. எங்கள் பார்வையில் அந்தச் சட்டத்தின் முதல் அக்கறை மக்களின் ஈரல் இல்லை, வரி.

இதே பிரித்தானியா தன் ஊரில் என்ன செய்தது? அங்கேயும் 1880 இல் கிளாட்ஸ்டன் வீட்டில் பியர் காய்ச்சுகிறவரையும் லைசன்ஸ் எடுக்க வைத்தார். 1963 இல் நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் அந்த விதியைத் தூக்கிவிட்டார். விற்காத வரைக்கும் வீட்டில் எவ்வளவும் காய்ச்சலாம். அமெரிக்காவில் 1978 இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு அடுத்த வருடம் பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் என்றால் வருடத்துக்கு 100 கலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200. இந்த வாசல்கள் திறக்காமல் 'டிஐஒய் டோக்' இல்லை. செய்ய அனுமதி இல்லாத ஊரில் செய்முறையை யாருக்குக் கொடுப்பது? சாராயம் மாதிரி வடிக்கிறதுக்கு மட்டும் இரண்டு நாட்டிலும் இந்தத் தளர்வுகள் வழி திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம்.

இங்கேயும் ஒரு செய்முறை கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. கசிப்பு. சீனி, ஈஸ்ட், தண்ணீர். பெரலில் கோடா போட்டு, புளித்ததும் காய்ச்சி வடிப்பது. ஹட்டன் பக்கமோ நோர்வூட் பக்கமோ யாரைக் கேட்டாலும் யூரியா போடுவாங்க, பழைய பேட்டரி போடுவாங்க என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எது உண்மை, எது பயமுறுத்தல் என்று குடிக்கிறவருக்கே தெரியாது. அங்கே கிராம் கணக்கு அச்சில் இருக்கிறது. இங்கே காட்டு ஓரத்தில், இருட்டில், வாய்மொழியாக. ஏன் கசிப்பு என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2021 இல் போராடி வாங்கிய நாள் சம்பளம் 1,000 ரூபாய். தவறணையில் ஒரு முழுப் போத்தல் அதைவிட விலை கூட.

அப்படியானால் 1963 இல் அங்கே திறந்ததை இங்கேயும் திறந்துவிட வேண்டியதுதானே என்று எங்களில் சிலர் வாதாடினோம். சிலர் ஒத்துக்கொள்ளவே இல்லை, அந்தச் சிலரில் பெரும்பாலோர் பெண்கள். சம்பள நாளில் லயத்தில் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அப்பா வரும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு ராத்திரி எப்படி என்று கணிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாங்கள். ஸ்கொட்லாந்தில் பொழுதுபோக்காக இருக்கிற ஒன்று இங்கே அடுப்பில் உலை வைக்க விடாத ஒன்று. இந்த வாதத்துக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் தடை நூறு வருடத்துக்கு மேல் இருந்தும் அந்த ராத்திரிகள் குறையவில்லை என்பதையும் அவர்களேதான் சொன்னார்கள்.

இந்தச் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது பெண்களிடம் யாரும் கேட்பதும் இல்லை. 1979 இல் ஒரு வர்த்தமானி அறிவித்தல் பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பழையபடி ஆக்கச் சொன்னார். இரண்டு முறையும் தோட்டத்துப் பெண்களின் கருத்தைக் கேட்டு யாரும் மலை ஏறி வந்ததாகத் தெரியவில்லை. குடியால் அதிகம் அடி வாங்குகிறவர்கள் அவர்கள். ஆண் குடிப்பதைப் பற்றிய முடிவிலும் அவர்கள் இல்லை, தாங்கள் வாங்குவதைப் பற்றிய முடிவிலும் இல்லை.

ஒரு சின்ன விசயம் மட்டும் மிச்சம். ப்ரூடோக் புத்தகத்தை அப்படியே நுவரெலியாவில் செய்தால் கணக்கு சரியாக வராது. இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், ஹொப்ஸின் கசப்பு குறைவாகத்தான் இறங்கும். கூடுதலாகப் போட வேண்டும், இல்லை என்றால் கூட நேரம் கொதிக்க விட வேண்டும். எவ்வளவு என்று மலையில் காய்ச்சிப் பார்த்த ஆள்தான் சொல்ல முடியும். நுவரெலியா ஆலையில் வேலை செய்தவர்களுக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கை எழுதிய பக்கம் எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை.