கத்தி தீட்டுதல்

கத்தி தீட்டுதல் என்பது, உலையில் அடித்து உருவாக்கித் தோய்ச்சல் கொடுத்த அலகைத் தேய்த்துச் சீராக்கி, வாய் எடுத்து, கூர் ஏற்றும் பணி. கொல்லரின் நெருப்பு வேலை முடிந்த இடத்தில் தொடங்கும் இப்பணி, பிடி போட்டு எண்ணெய் பூசுவதோடு நிறைவுறும். கத்தி மழுங்கும்போதெல்லாம் இதன் கடைசிப் படி மட்டும் மீண்டும் நடக்கும். தமிழ்நாட்டில் இத்தொழிலின் இரு எல்லைகளாக, திருத்தணி போன்ற முடிகாணிக்கைத் தலங்களில் புழங்கிய சவரக்கத்தியையும், சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியின் அரிவாளையும் கொள்ளலாம். ஒன்று மயிரை மழிக்கும்; மற்றது கிளையைத் தறிக்கும். இரண்டும் கரி கலந்த எஃகே. அவற்றை வேறாக்குபவை பதமும் வாயின் கோணமும்.

தோய்ச்சலும் பதமும்

கரி கலந்த எஃகை 800 °செ.க்கு மேல் சிவக்கக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்குவது தோய்ச்சல். துவைச்சல் என்றும் சொல்வர். வேகமாகக் குளிரும் எஃகுக்குள் மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பு உருவாகிறது. கடினத்தோடு நொறுங்கும் குணமும் வருவதால், அலகை மறுபடி மிதமாகச் சுடவைத்துக் கடினத்தில் சிறிது குறைத்து உறுதியைக் கூட்டுவர்; இதுவே பதம். தேய்த்து வெளுத்த எஃகின் மேல் அப்போது நிறங்கள் ஓடும். சுமார் 220 °செ.இல் வைக்கோல் நிறம், 255 °செ. அளவில் பழுப்பு, 280 °செ. அளவில் ஊதா, 300 °செ.ஐ ஒட்டி நீலம். சவரக்கத்திக்கு வைக்கோல் நிறத்தோடு நிறுத்துவர். ஓங்கி வெட்டும் கருவிகளுக்கு ஊதா, நீலம் வரை விடுவர். ராக்வெல் சி அளவையில் நல்ல சவரக்கத்தி 60 அளவில் நிற்கும்; வெட்டும் அரிவாளுக்கு 50 முதல் 55 வரை போதும்.

இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் உலோகத்தைக் குறைக்கும் வேலை. இழந்த கடினத்தைத் தீட்டுக்கல்லால் திருப்பித் தர முடியாது. ஆகவே அலகைச் சூடாக்காமல் தேய்ப்பதே இத்தொழிலின் முதல் விதி.

தேய்ப்பு

தோய்ச்சலுக்கு முன் அலகின் வாய்ப்பகுதியை மெல்லியதாக்கிவிடக் கூடாது. மெல்லிய விளிம்பு குளிரும்போது கோணும், விரிசல் விடும்; அதன் மேற்பரப்புக் கரியும் நெருப்பில் எரிந்துபோகும். எனவே விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் அளவு கனம் விட்டே முக்குவர். தோய்ச்சலில் வந்த கோணலைப் பதப்படுத்தும் சூட்டிலேயே நிமிர்த்திவிட வேண்டும். ஆறியபின் தட்டினால் உடையும் அபாயம் உண்டு. பிறகு நெருப்பில் படிந்த கருந்தோலையும் கரி இழந்த மேற்பரப்பையும் சாணையில் எடுத்து, முதுகிலிருந்து வாய் வரை சரிவு இறக்குவர்.

மின் சாணையில் மெல்லிய விளிம்பு சில நொடிகளிலேயே பதச்சூட்டைத் தாண்டிவிடும். விளிம்பில் நீலம் ஓடினால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று பொருள். மேலே தேய்த்து நிறத்தைப் போக்கினாலும் கடினம் திரும்பாது. கெட்ட பகுதி முழுவதையும் தேய்த்து நீக்க வேண்டும், அல்லது அலகை மறுபடி உலைக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் அலகை நீரில் முக்குவதும், வெறுங்கையால் பிடித்துச் சூட்டை உணர்ந்துகொண்டே தேய்ப்பதும் இதற்காகத்தான். முதலில் 60 முதல் 120 வரையிலான பருமணல் தரம், பின் 220, 400 என்று நுண்மை கூடும். ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் கீறல்கள் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். விளிம்பை எட்டும் ஆழமான கீறல் பின்னாளில் பிளவாக வளரக்கூடும்.

சாணை

பழைய சாணை, குருந்தக் கல்லின் பொடியை அரக்கில் குழைத்து வட்டமாக அமைத்தது. மோவின் கடினத்தன்மை அளவையில் குருந்தம் 9. கடினப்படுத்திய எஃகையும் எளிதில் அரிக்கும். ஒருவர் வாரை முன்னும் பின்னும் இழுத்துச் சக்கரத்தைச் சுழற்ற, மற்றவர் அலகைப் பிடிப்பார். பின்னர் வந்த மிதிசக்கரம் இருவர் வேலையை ஒருவருக்காக்கி, சாணை பிடிப்பவரைத் தெருத்தெருவாகப் போகவும் வைத்தது. 1890களில் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன் சிலிக்கன் கார்பைடை ஆலைப்பொருளாக்கிய பின் செயற்கைக் கற்கள் பரவின. சென்னையில் 1954இல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் அத்தகைய சாணைச் சக்கரங்களை இங்கேயே உருவாக்கியது.

வாயும் கூரும்

இரு சரிவுகளும் சந்திக்கும் கோடே வாய். கோணம் குறையக் குறைய வெட்டு எளிதாகும், வாய் பலவீனமாகும். அடுக்களைக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை வைப்பது வழக்கம். தறிக்கும் அரிவாளுக்கு 25 முதல் 30 பாகை வேண்டும். 4 செ.மீ. அகலமுள்ள அலகை 15 பாகைக்குத் தீட்ட, முதுகைக் கல்லிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. தூக்கிப் பிடித்தால் சரியாக இருக்கும்.

ஒரு பக்கத்தைத் தீட்டிக்கொண்டே போனால் எஃகு மறுபக்கம் மடிந்து மெல்லிய பிசிராக எழும். விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக நகர்த்தினால் அது தட்டுப்படும். நீளம் முழுவதும் பிசிர் எழுந்தால்தான் சரிவு விளிம்பை எட்டியிருக்கிறது. எழாத இடம் மழுங்கலாகவே இருக்கும். பிறகு அழுத்தத்தைக் குறைத்து, பக்கம் மாற்றி மாற்றித் தீட்டிப் பிசிரைத் தேய்த்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிர் முதல் வெட்டுக்குக் கூராகத் தோன்றி, அடுத்த சில வெட்டுகளில் உதிர்ந்துவிடும். கடைசியாகத் தோல்வாரில் முதுகு முன்னும் வாய் பின்னுமாக இழுப்பர். வாயை முன்னால் தள்ளினால் தோல் அறுபடும்.

கூரைச் சோதிக்க வெளிச்சம் போதும். வாயை மேலே திருப்பி விளக்கின் கீழ் பிடித்தால், கூரான கோடு கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். தக்காளித் தோலில் அழுத்தாமல் இறங்குவது அடுக்களைக் கத்திக்கான சோதனை.

திருத்தணியும் சவரக்கத்தியும்

ஆறுபடை வீடுகளில் ஐந்தாவதாக எண்ணப்படும் திருத்தணி, 1960 ஏப்ரல் 1இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த எல்லையூர். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. மலைக்கோயிலுக்கு வருவோரில் பலர் முடிகாணிக்கை செலுத்துகிறார்கள். எல்லைக்கு அப்பால் திருமலையிலும் அதே வழக்கம் உண்டு. ஒரே நாளில் பல தலைகளை மழிக்க வேண்டிய இத்தகைய இடங்களில் கத்தியின் கூர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதே தொழிலாளியின் பெருங்கவலையாக இருந்தது. நுண்கல்லும் தோல்வாரும் அவருடைய பெட்டியில் எப்போதும் இருந்தன.

சவரக்கத்தியின் கோணத்தைத் தீட்டுபவர் கை தீர்மானிப்பதில்லை. முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படியும்படி வைத்துத் தீட்டுவதால், முதுகின் கனமே கோணத்தைக் கட்டுகிறது. 5 மி.மீ. முதுகும் 17 மி.மீ. அகலமும் கொண்ட கத்திக்கு இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 17 பாகை வரும். முதுகை அடித்து வடிக்கும்போதே கொல்லர் கூரையும் முடிவு செய்துவிடுகிறார்.

எஃகைவிடப் பலமடங்கு மென்மையான மயிர் கத்தியை மழுக்குவது எப்படி என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் விளக்கினர். வளையும் மயிர் விளிம்பில் சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. தலையை நன்றாக நனைத்த பின் மழிக்கும் பழக்கத்தால் மயிர் மென்மையாகி இந்தத் தேய்வும் குறையும். இரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. அச்சத்தால் ஒரே கத்தியைப் பலருக்குப் பயன்படுத்தும் வழக்கம் மறைந்தது. ஒருவருக்கு ஒன்றாக மாற்றும் பிளேடு செருகிய கத்தி வந்தது.

திருப்பாச்சேத்தி அரிவாள்

மதுரை–மானாமதுரை சாலையிலுள்ள திருப்பாச்சேத்தியில் அரிவாள் பட்டறைகள் பெயர்பெற்றவை. கழித்துப்போட்ட லாரி, பேருந்து வில்பட்டையே இங்கு முக்கிய மூலப்பொருள். ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு கரி கொண்ட அந்த எஃகு, அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது. அரிவாளின் வாய்ப்பகுதிக்கே தோய்ச்சல் கொடுத்து, முதுகை மென்மையாக விட்டால் ஓங்கிய வெட்டில் அலகு முறியாது. அரமும் சாணையும் கொண்டு சரிவை வெளிப்பக்கம் சற்றுப் புடைத்ததாக இறக்குவது இதற்கு ஏற்றது. தட்டையான மெல்லிய வாய் கணுவில் பட்டால் நெளியும். கருப்பசாமி, அய்யனார் கோயில்களுக்குக் காணிக்கையாகும் பெரிய அரிவாள்களுக்கு வெட்டும் வாயைவிடப் பளபளப்பே முக்கியம்.

வரலாறு

ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கிய சான்றுகள் கிடைத்துள்ளன. மூசையில் உருக்கிய தென்னிந்திய எஃகு ஐரோப்பாவில் ‘வூட்ஸ்’ எனப்பட்டது. இலண்டன் கத்தித் தொழிலர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் அறுவைக் கருவிகள் செய்து, மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து 1820இல் எஃகுக் கலவைகள் பற்றிய ஆய்வை வெளியிட்டார். வூட்ஸ் அலகை மெருகேற்றி அமிலத்தில் நனைத்த பின்புதான் அதன் நீர்வரிக் கோலம் வெளிப்படும்; அங்கே மெருகும் கத்தியின் தரத்துக்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் சேலம் அருணாசலத்தின் பெயர் பொறித்த வேட்டைக்கத்திகளை ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் விரும்பி வாங்கினர்.

ஜப்பானின் சக்காயில் அடிப்பவர், தீட்டுபவர், பிடி போடுபவர் எனத் தொழில் பிரிந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டறையில் பொதுவாக ஒரே குடும்பம் மூன்றையும் செய்யும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மணற்கல் சக்கரத்தின் தூசியை மூச்சில் வாங்கிய சாணைத் தொழிலாளர் நுரையீரல் நோயால் இளமையிலேயே மாண்டனர். ஈரச்சாணை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவை இன்றும் அவசியம்.

கரியெஃகுக் கத்தியைப் புளி, எலுமிச்சை பட்டவுடன் கழுவித் துடைக்க வேண்டும். வாழைப்பூ நறுக்கும்போது அலகு கறுப்பது இயல்பு; அந்தக் கறுப்புப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கும். நாள்பட வைப்பதானால் தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ மெல்லப் பூசலாம்.

துருவேறா எஃகு அடுக்களைக்கு வந்தபின் தெருச் சாணை அருகிவிட்டது. பிளேடு வந்தபின் மழிக்கும் கூர் ஆலையிலேயே உருவாகிறது. மழுங்கியதைத் தீட்டாமல் எறிகிறார்கள். அரிவாளின் நிலை வேறு. வேலையின் நடுவே கணுவிலும் கல்லிலும் பட்டு அதன் வாய் போவதால், அதைத் தீட்டும் அறிவு பட்டறைக்கு வெளியே விவசாயியின் கையிலும் நீடிக்கிறது.