பசுந்தீவனம் நறுக்கும் இயந்திரங்கள் (இலங்கையின் மத்திய மலைநாடு)

பசும்புல், சோளத்தட்டை முதலியவற்றைச் சிறு துண்டுகளாக்கி, காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்கவைத்தால் சைலேஜ் கிடைக்கும். தமிழ்நாட்டு வேளாண் கையேடுகள் இதை ஊறுகாய்ப்புல் என்கின்றன. நறுக்காத புல்லை எவ்வளவு மிதித்தாலும் இடையில் காற்று தங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒன்று முதல் இரண்டு சென்டிமீற்றர் வரை நறுக்கினால் சாறு வெளிப்பட்டு, லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகும். அமிலத்தன்மை கூடி, பிஎச் 4.2 அளவுக்கு இறங்கியதும் தீவனம் மாதக்கணக்கில் கெடாது. ஆகவே சைலேஜின் தரம் குழியில் அல்ல, கத்தியில்தான் தொடங்குகிறது.

வரலாறு: இம்முறையைப் பண்ணை வழக்கமாக நிலைநாட்டியவர் பிரான்சின் சொலோன் பகுதி விவசாயி ஒகஸ்ட் கோஃபார். நறுக்கிய சோளத்தட்டையைக் குழியிலிட்டுப் பல ஆண்டுகள் சோதித்து, 1877இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ஓரிரு ஆண்டுகளில் நியூயோர்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் உயர்ந்த சைலோக் கோபுரங்கள் எழுந்தன. பசுந்தீவனத்தை அமிலமிட்டுக் காக்கும் முறைக்காக பின்லாந்தின் வேதியியலாளர் விர்த்தானென் 1945இல் நோபல் பரிசு பெற்றார்.

தொடக்கத்தில் நறுக்கும் பொறி நிலையாக நின்றது. பெருஞ்சக்கரத்தின் ஆரங்களில் கத்திகள் பொருத்தியிருக்கும். கையாலோ நீராவியாலோ பட்டியாலோ அதைச் சுழற்றினர். பின்னர் வயலில் ஓடியபடியே அறுத்து, நறுக்கி, குழாய் வழியே வண்டியில் ஊதித் தள்ளும் அறுவடைப் பொறிகள் வந்தன. இவற்றில் ஒருவகை சுழலும் தட்டுக்கத்திகளால் புல்லை அடித்துக் கிழிக்கும். மற்றது உருளைகளால் புல்லை இழுத்து, அளவாக வெட்டும். இரண்டாவதே சைலேஜுக்குச் சிறந்தது.

இப்பொறிகளுக்கு உயிர் கொடுத்தது உழவு இயந்திரத்தின் பின்பக்கத் தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று என்ற ஒரே அளவு வழக்கத்துக்கு வந்ததால், எந்த நிறுவனத்தின் பொறியையும் எந்த டிராக்டரிலும் பூட்ட முடிந்தது. கொவென்றியில் 1946 முதல் 1956 வரை உருவான சிறிய சாம்பல்நிற பேர்குசன், அதன் வழிவந்த மாஸி பேர்குசன் 35, 1964இல் வந்த 135 ஆகியவை இவ்வேலைக்கு இலகுவானவை. 135இன் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சினை ஊர்ப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டலாம். இலங்கையில் இந்தப் பழைய வண்டிகள் இன்றும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மலைநாட்டில்: காப்பிக் காலத்திலேயே தோட்டங்கள் எருவுக்காக மாடு வளர்த்தன, அதற்கெனக் கினிப்புல் பயிரிட்டன. தேயிலை வந்தபின் குவாத்தமாலாப் புல் பரவியது. மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காகத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் இந்தப் புல், மாட்டுக்கும் உணவாகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள அம்பேவெலவில் மேடு பள்ளம் மென்மையாக உள்ளதால் டிராக்டர் ஓடும் புல்வெளிகள் அமைந்தன. கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து உதவியுடன் அங்கு பண்ணை உருவானது; 2001இல் அம்பேவெலப் பண்ணைகள் லங்கா மில்க் பூட்ஸ் வசமாகின.

கண்டி–நுவரெலியா வீதியிலுள்ள இறம்பொடையின் நிலை வேறு. கொத்மலைப் பள்ளத்தாக்கை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் தேயிலைச் சரிவுகளில் இழுவை அறுவடைப் பொறி கவிழும். ஓடைக்கரையிலும் வீதியோர மேட்டிலும் அரிவாளால் அறுத்த புல், தலைச்சுமையாக லயத்து மாட்டுக் கொட்டிலுக்கு வருகிறது. இங்கு பொறி புல்லைத் தேடிப் போகக்கூடாது. புல்தான் பொறியிடம் வரவேண்டும். சிறு மோட்டாரில் ஓடும் நிலைப்பொறியே இம்மலைக்கு ஏற்றது.

அதன் வாயில் புல்லைத் தண்டுப்பக்கம் முன்னாக, ஒரே சீராக ஊட்டவேண்டும். கத்திக்கும் எதிர்ப்பட்டைக்கும் இடையே ஒரு கடதாசி அளவே இடைவெளி இருக்கலாம். அது கூடினால் நேப்பியர்ப் புல்லின் தண்டு வெட்டுப்படாமல் நார்நாராகி உருளையில் சுற்றிக்கொள்ளும். சிக்கியதை எடுக்குமுன் மோட்டாரை நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் கைவிடும் அந்த ஒரு நொடியில்தான் விரல் போகும்.

மழையும் மூடுபனியும் புல்லை வாடவிடாதது இங்குள்ள பெரிய இடர். ஈரம் மிகுந்த புல் புளிக்காமல் அழுகும். சர்க்கரையும் குறைவாதலால் சீனிப்பாகுக் கழிவு தெளித்து அமுக்குவர். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி நுவரெலியாப் பக்கத்துப் புல்லைக் கருக்கும்போது, சேமித்த தீவனத்தின் அருமை தெரியும்.

தற்போது கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ-3 புல்லும் சிறு நறுக்குப்பொறியும் கறவைமாடு வைத்திருப்போரிடையே பரவியுள்ளன. சைலேஜைக் குழியில் இடாமல் பிளாஸ்டிக் பீப்பாயிலும் பொலித்தீன் பையிலும் அடைக்கின்றனர்.