கையெழுத்தும் தலையெழுத்தும்: டிரைஃபஸ் வழக்கை முன்வைத்து

ஒரு தாளை எழுதியது யார் என்று நிபுணர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? சந்தேகத்துக்குரிய தாள் ஒரு பக்கம், ஆளின் மாதிரி எழுத்து இன்னொரு பக்கம். சாய்வு, இடைவெளி, பேனா அழுத்தம், பேனாவைத் தூக்கிய இடம், ஓர் எழுத்து அடுத்ததோடு சேரும் விதம் எல்லாம் பார்ப்பார்கள். எந்த ஆளும் இரண்டு முறை ஒரே மாதிரி எழுதுவதில்லை. ஆகவே காணும் வேறுபாடு அந்த ஆளின் வழக்கமான மாற்றங்களுக்குள் அடங்குமா என்பதுதான் கேள்வி. தமிழ் எம்.ஏ.யில் பாடபேதம் பார்த்துப் பழகிய எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. ஒரு பாடத்தின் மேல் முன்கூட்டியே ஆசை வைத்துவிட்டால் மற்றதெல்லாம் பிழையாகத்தான் தெரியும் என்பது சுவடி ஒப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

1894 செப்டம்பரில், பாரிசிலிருந்த ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து கிழிந்த தாளொன்று பிரெஞ்சு ராணுவ உளவுப் பிரிவுக்கு வந்தது. ராணுவ ரகசியங்களை அனுப்புவதாகச் சொல்லும், கையொப்பமில்லாத பட்டியல். எழுதியவன் தலைமையகத்தில் பயிற்சிக்கு வந்த பீரங்கிப்படை அதிகாரியாகத்தான் இருக்கவேண்டும் என்று முதலில் முடிவு கட்டினார்கள். பிறகுதான் எழுத்துகளை ஒப்பிட்டார்கள். காப்டன் ஆல்ஃப்ரெட் டிரைஃபஸ் சிக்கினார். அவர் யூதர் என்பது சந்தேகத்தை உறுதியாக்கப் போதுமானதாயிருந்தது.

பிரான்ஸ் வங்கியின் நிபுணர் கோபேர், வேறொருவர் எழுதியதாகவும் இருக்கலாம் என்றார். அந்தப் பதில் ஒத்துவரவில்லை. அடுத்து அல்போன்ஸ் பெர்ட்டிலானைக் கூப்பிட்டார்கள். குற்றவாளிகளின் உடலை அளந்து அடையாளம் காணும் முறையை உண்டாக்கியவர். கையெழுத்து அவர் துறையே இல்லை. அக்டோபர் 15 அன்று டிரைஃபஸை உட்காரவைத்து, பட்டியலின் வாசகங்கள் கலந்த கடிதமொன்றைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்கள். கை ஏன் நடுங்குகிறது என்று கேட்டார்கள். விரல் குளிர்ந்திருக்கிறது என்றார். அங்கேயே கைது.

எழுத்தில் ஒற்றுமை இருந்த இடமெல்லாம் பெர்ட்டிலானுக்குச் சாட்சி. சரி, வேற்றுமை? குடும்பத்தார் எழுத்தின் சாயலைக் கலந்து டிரைஃபஸ் தன் எழுத்தைத் தானே போலி செய்துகொண்டார் என்றார். ஆக வேற்றுமையும் சாட்சி. இப்படிப்பட்ட வாசிப்பிலிருந்து யார் தப்பமுடியும்? போதாக்குறைக்கு, பிரதிவாதித் தரப்புக்குக் காட்டாத ரகசியக் கோப்பொன்றும் நீதிபதிகளிடம் போனது. டிசம்பர் 22-ல் தீர்ப்பு. பிறகு டெவில்ஸ் தீவு.

1896-ல் உளவுப் பிரிவின் புதிய தலைவர் பிக்கார், எஸ்டர்ஹாஸி என்ற காலாட்படை அதிகாரியின் எழுத்தைப் பார்த்தார். பட்டியலின் எழுத்தேதான். பெர்ட்டிலானிடம் காட்டியபோது அவரும் அதையே சொன்னார். ஆனால் அது சமீபத்தில் எழுதியது என்று தெரிந்ததும், யூதர்கள் யாரையோ பழக்கி எழுதவைத்திருக்கிறார்கள் என்றார். 1898 ஜனவரியில் எஸ்டர்ஹாஸி விடுதலையானார். பட்டியல் அவருடையதல்ல என்று மூன்று கையெழுத்து நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். அடுத்த சில நாளில் எமிலி ஸோலா எழுதிய 'நான் குற்றம் சாட்டுகிறேன்' அந்த மூவரையும் பெயர் சொல்லியே சாடியது. பெர்ட்டிலானின் கணக்குகள் தவறென்று 1904-ல் ஆன்ரி புவன்காரே உள்ளிட்ட கணிதவியலாளர்கள் நிறுவினார்கள். 1906-ல் டிரைஃபஸின் தண்டனை ரத்தானது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்.

நம் உச்ச நீதிமன்றம் 1961-ல், காத்தி காலு ஓகட் வழக்கில், மாதிரிக் கையெழுத்து கொடுப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றது. அது உடலின் அடையாளம் மட்டும்தான் என்பது வாதம். இருக்கட்டும். ஆனால் மேஜைமேல் யாருடைய எழுத்து வைக்கப்படும் என்பதை நிபுணர் தீர்மானிப்பதில்லை. எஸ்டர்ஹாஸியின் எழுத்து அந்த மேஜைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. மாதிரி கேட்டு நம்மில் ஒருவர்முன் வெள்ளைத்தாளை நீட்டும்போது, நாம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: வேறு யாரிடமெல்லாம் கேட்டீர்கள்?