மெரினாவில் ஒரு கண்ணாடிக் கடல்

பேரையூர்ல இருந்துக்கிட்டு வீட்டுக்குள்ள பவளத்தொட்டி வைக்கப் போறேன்னு சொன்னா சிரிக்கத்தான் செய்வாங்க. நமக்குக் கடல் பாக்கணும்னா ராமேஸ்வரம் போகணும். ஆனா இந்தக் கிறுக்கு நம்ம மாகாணத்துக்கு ரொம்பப் பழசுங்க.

1885லிருந்து சென்னை மியூசியத்தைக் கவனிச்சவர் எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றி 1890-இல் புத்தகமே போட்டவர். மெரினாவில் மீன் காட்சியகம் வேணும்னு சொன்னதும் அவர்தான். 1909-இல் திறந்தார்கள். எதிர்லயே கடல், தண்ணிக்கு என்ன பஞ்சம்? (நாம உப்பை வாங்கிக் கரைச்சு, ஒப்படர்த்தி 1.025 வருதான்னு பாக்கணும்!) 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து மூடிட்டாங்க.

பவளத்தின் கதை வேற. தூத்துக்குடிப் பக்கம் அதைப் பல வருஷம் சுண்ணாம்புக்காக வெட்டித் தள்ளினார்கள். 1986-இல்தான் 21 தீவுகளைச் சேர்த்து கடல் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின, அதாவது புலி இருக்கிற அதே பட்டியல்! யாராவது "ராமேஸ்வரம் பவளம் சார்"னு நீட்டினா வாங்கிடாதீங்க. செத்த துண்டா இருந்தாலும் கேஸ்தான்.

அதனால என் தொட்டியில செயற்கைப் பாறையும், பண்ணையில பொரிச்ச கோமாளி மீன் ரெண்டும்தான். மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வச்சுக் காட்டிட்டாங்க, கடல்ல பிடிக்க வேண்டியதில்லை. மே மாச வெயில்ல தண்ணியை 26 டிகிரியில வைக்கிறதுதான் அடுத்த தலைவலி.