ரத்த அழுத்தமும் நடையும்: மறக்கப்பட்டு மீண்ட ஒரு சிகிச்சை

நடையை மருந்தாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் ரத்த அழுத்தமானியைவிட மூத்தது. டப்ளின் மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ், இதய நோய்கள் பற்றி 1854இல் வெளியிட்ட நூலில், இதயத்தில் கொழுப்பு சேர்ந்தவர்கள் சிறுகச் சிறுக நடையைக் கூட்டலாம் என்று எழுதினார். 1880களில் அதை ஒரு முறையாகவே வகுத்தவர் மியூனிக் நகரின் மாக்ஸ் யோசப் ஓர்டெல். அவர் தொண்டை நோய் நிபுணர் என்பது வேடிக்கை. ஆல்ப்ஸ் மலையோரச் சிகிச்சை ஊர்களில் பாதைகள் ஏற்றத்துக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டு வண்ணக் குறி பெற்றன. நோயாளி சமதரையில் தொடங்கி, வாரம் செல்லச் செல்லச் செங்குத்தான பாதைக்கு மாறுவார். குடிக்கும் நீருக்கும் அளவு உண்டு. ரஷ்யாவின் கிஸ்லவோத்ஸ்க் பூங்காவில் இந்த வகைப் பாதைகளில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள்.

1896இல் இத்தாலியின் ரீவா ரோச்சி, ரத்த அழுத்தத்தை அளக்கக் கையில் கட்டும் காற்றுப்பட்டையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்கோவ், பட்டையைத் தளர்த்தும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஒலியைக் கொண்டு மேல் அளவையும் கீழ் அளவையும் குறிக்கக் காட்டினார். அழுத்தம் ஓர் எண்ணாகியது. உழைக்கும்போது அந்த எண் ஏறுவது கண்கூடு. ஆகவே பிரஷர்காரருக்கு ஓய்வே நல்லது என்ற எண்ணம் வலுத்தது. சுருங்கிய குழாய்களில் ரத்தத்தைத் தள்ள உயர்ந்த அழுத்தம் தேவைதான் என்று கருதிய மருத்துவர்களும் இருந்தனர். 1944இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் 186/108 என்று பதிவானபோது, அவருக்குக் கிடைத்தவை டிஜிடாலிஸ் மருந்து, உப்புக் குறைப்பு, வேலைக் குறைப்பு, கூடுதல் தூக்கம். போலியோவால் அவர் நடக்க இயலாதவர் என்பது உண்மை. ஆனால் நடக்கக்கூடிய நோயாளிகளுக்கும் அன்று பெரும்பாலும் ஓய்வுதான் சொல்லப்பட்டது.

நடைக்கு மறுவாழ்வு தந்த ஆய்வு ரத்த அழுத்தத்தைத் தேடிப் போனதல்ல. லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் ஓயாமல் படியேறி இறங்குவார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெர்ரி மாரிஸ் குழு 1953இல் லான்செட் இதழில் காட்டியது. தபால்காரர்களும், உட்கார்ந்து வேலை செய்யும் அஞ்சல் துறையினரும் அதே வேறுபாட்டைக் காட்டினர். ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருமனானவர்களோ என்ற ஐயம் எழ, மாரிஸே சீருடைக் கால்சட்டை அளவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். ஐயம் ஓரளவு சரிதான். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாகவே இருந்தது. தன் முடிவைத் தானே உரசிப் பார்த்த அந்த நேர்மை ஆய்வின் மதிப்பைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

1958இல் வந்த குளோரோதையசைடு மாத்திரை, அழுத்தத்தைக் குறைப்பதை எளிதாக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் உடற்பயிற்சியையும் நேரடியாகச் சோதித்தார்கள். நடக்கும்போது ஏறும் அழுத்தம், முடிந்தபின் பல மணி நேரம் வழக்கத்தைவிடத் தாழ்ந்தே இருக்கும். ரத்தக் குழாய்கள் விரிவது அதற்கு ஒரு காரணம். பழைய மருத்துவர்கள் பார்த்தது ஏற்றத்தை மட்டும்தான். தொடர்ந்து நடப்பவருக்கு இயல்பு அளவே இறங்குகிறது. விட்டுவிட்டால் பலனும் போய்விடும்.

2003இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி, வாரத்தின் பெரும்பாலான நாட்களில் குறைந்தது 30 நிமிட வேகநடை போன்ற பயிற்சியால் மேல் அளவு 4 முதல் 9 மி.மீ. குறையலாம் என்றது. பலர் நம்பும் பத்தாயிரம் அடி இந்த வரலாற்றில் பிறந்ததல்ல. அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியோடு பரவிய எண்.