மூன்று வண்டி, ஒரு உரிமையாளர்

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய காப்பீடு, வண்டியால் அடிபடும் மூன்றாம் நபருக்கானது. ஓட்டிச்செல்லும் உரிமையாளரைப் பற்றிய கவலை மிகவும் பிந்தியே வந்தது. 2002ஆம் ஆண்டின் கட்டண விதிகளில் அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருசக்கர வண்டிக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் ரூபாய். ஒரே மனிதரின் உயிருக்கு வண்டியைப் பார்த்து விலை வைத்த ஏற்பாடு அது! சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தொகையை உயர்த்தச் சொன்ன பிறகே, 2018இல் அது எல்லா வண்டிக்கும் 15 லட்சமானது. அப்போது பிரீமியம் ஆண்டுக்கு 750 ரூபாயாக இருந்தது.

உடனே இன்னொரு கோணல் வெளிப்பட்டது. ஒருவர் பெயரில் ஒரு காரும் இரண்டு ஸ்கூட்டரும் இருந்தால், மூன்று பாலிசியிலும் அந்த 750 தனித்தனியே ஏறியது. அவர் ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தானே ஓட்ட முடியும்? 2019 ஜனவரி முதல் இதைத் தனிப் பாலிசியாக ஒருமுறை எடுத்தால் போதும் என்றானது நியாயமே. பிரித்துவிட்டால் பலர் எடுக்காமலே விட்டுவிடுவார்கள் என்பது எதிர்வாதம். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் அதற்கு மருந்து கண்காணிப்பு, மும்மடங்கு வசூல் அல்ல. உண்மையான குறை வேறு: கணவர் பெயரிலுள்ள காரை மனைவி ஓட்டினால் இந்தக் காப்பு அவரைச் சேராது, மரணமும் நிரந்தர ஊனமும் தவிர, ஆஸ்பத்திரி பில்லுக்கு இதில் இடமே இல்லை.